போகாத உம்ராவுக்கு வந்த வாழ்த்து

டியர்போர்ன், மிச்சிகன்

மதிப்பிற்குரிய அண்ணன் வஹீப் அவர்களுக்கு,

பாலத்துக்கு இந்தப் பக்கமிருந்து தம்பி கஸ்ஸான் ஸலாம் சொல்லி எழுதுவது. அந்தப் பக்கம் கனடாவின் வின்ட்ஸரில் தாங்களும், அண்ணியும், தங்கள் தலையில் இன்றும் காடாக அடர்ந்திருக்கும் மருதாணி போட்ட முடியும் நலமாக இருக்க அல்லாஹ் அருள்புரிவானாக. போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். கிழித்துப் போடுவதற்காவது கடிதத்தைக் கையில் எடுப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் விஷயம். நான் மக்காவுக்குப் போகவில்லை. உங்களை விட்டுவிட்டு உம்ரா யாத்திரை செய்து, அங்கே தலையை மழித்துக்கொள்ளவில்லை. “ஒருத்தர் தலையை ஒருத்தர் மழிச்சுக்குவோம்னு உம்மா முன்னாடி சொன்னோமேடா, இப்ப எவன்கிட்டடா தலையைக் கொடுத்தே?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தீர்களே, அதற்குப் பதில்: நம் சலூன் தய்சீரிடம்தான் கொடுத்தேன். காரணம் புற்றுநோய். வயிற்றில். கட்டிய மனைவி சல்வாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்ல வாய் வரவில்லை. உட்கார்ந்துகொண்டு மீதியைப் படியுங்கள்.

முடி இருக்கிறவன் அதை மதிக்கட்டும் என்று நபிகள் சொன்னதை நான் எப்படிப் பேணினேன் என்று உங்களுக்கே தெரியும். எண்ணெய் வைத்து, வலப்பக்கத்திலிருந்து சீவி, அதையே பிழைப்பாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் சீப்பைத் தொட்டு, நரை மறுமையில் ஒளி என்பதால் ஒன்றைக்கூடப் பிடுங்காமல், கறுப்புச் சாயம் பக்கமே போகாமல் வளர்த்த முடி. மருந்து ஏற்றத் தொடங்கியதும் அது கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது. சல்வா அதைக் குப்பையில் போட மனமில்லாமல் ரோஜாச் செடிக்கு அடியில் புதைத்தாள். மறுநாள் பார்த்தால், அணில் ஒன்று அதைத் தோண்டியெடுத்து மேப்பிள் மரத்தில் கூடு கட்டிக்கொண்டிருக்கிறது. “பாருங்க, உங்க முடியை மதிக்க ஒரு ஜீவன் இருக்கு” என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள், நான் கேட்காதவன்போல் சீப்பைக் கழுவினேன்.

அந்த வாரம் ஜும்ஆ தொழுகையில் என் தொப்பி நழுவிவிட்டது. பின் வரிசையில் ஹாஜி முன்தர். அடுத்தவன் தாடியையும் கால்சட்டை நீளத்தையும் அளப்பதற்கென்றே பள்ளிவாசலுக்கு வருகிறவர். “என்னய்யா இது, அங்கங்கே வழிச்சு அங்கங்கே விட்டு? பாதி மழிச்சுப் பாதி விடுறதை நபி தடுத்திருக்காங்க. முழுசா எடு, இல்ல முழுசா விடு. இந்த வயசுல உனக்கு ஃபேஷன் கேக்குதா?” என்று சபையறியக் கேட்டார். அதோடு விட்டாரா? தய்சீர் கடைக்கே போய், வாடிக்கையாளர்கள் முன்னால் அவனைப் பிடித்து ஏசியிருக்கிறார். அவன் எனக்குப் போன் போட்டு, “அண்ணே, சத்தியமா நான் உங்க தலையைத் தொடவே இல்ல. வந்து முழுசா எடுத்துக்கிட்டு என் பேரைக் காப்பாத்துங்க” என்று குதித்தான். போனேன். பிஸ்மில்லாஹ் சொல்லி வலப்பக்கம் கை வைத்தான். மெஷின் படுமுன்பே முடி அவன் கையோடு வந்துவிட்டது. ரேடியோவை அணைத்துவிட்டு மீதியை மெதுவாக மழித்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மொட்டைத் தலையோடு உள்ளே நுழைகிறேன், முன்தர் பாய்ந்து வந்து கட்டிப்பிடித்து நெற்றியில் முத்தமிட்டார். “உம்ரா கபூலாகட்டும்! சொல்லாம கொள்ளாம போயிட்டு வந்துட்டியே, கள்ளா!” நான் போகவில்லை என்றேன். “பாத்தீங்களா அடக்கத்தை! செஞ்ச நன்மையை மறைக்கிறாரு!” நான் மறுக்க மறுக்க என் அந்தஸ்து ஏறியது. “கஃபாவைத் தவாஃப் சுத்திச் சுத்தி எப்படி இளைச்சிருக்காரு பாருங்க” என்றார் ஒருவர். சாயங்காலம் வீடு நிறைய ஆள். மக்காவின் ஸம்ஸம் தண்ணீர் கேட்கிறார்கள். சமையலறையில் சல்வா என்னைப் பிடித்துக்கொண்டாள். “போகாத ஊர்த் தண்ணிக்கு நான் எங்கே போவேன்? குழாய்த் தண்ணியைக் கொடுத்தா பாவம், கொடுக்கலேன்னா கஞ்சப் பேரு.” காப்பி கொடுத்து அனுப்பினோம். சிறுநீரகத்தில் கல் இருந்த ஒருவர் என் கையைப் பிடித்து துஆ செய்யச் சொன்னார். என் வயிற்றில் இருப்பதை வைத்துக்கொண்டு அவருடைய கல்லுக்காக அழுது கேட்டேன். கல் விழுந்துவிட்டது. இப்போது கூட்டம் இரண்டு மடங்கு. அந்தக் கூட்டத்தில் யாரோதான் பாலத்தைத் தாண்டி உங்கள் காதில் போட்டிருக்கிறார்கள்.

ஹோம்ஸ்காரன் என்றாலே சிரியாவில் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். நம் ஊர்க்காரனைப் பற்றி இந்தக் கதையைச் சொன்னால் ஜோக் என்றே நினைப்பார்கள். நீங்களாவது நம்புங்கள், கோபத்தை விடுங்கள். பதறியடித்து வர வேண்டாம். மருந்து வேலை செய்கிறது. அடுத்த வருஷம் இருவரும் சேர்ந்தே போவோம், யாருக்கும் தொடக் கொடுக்காத உங்கள் முடியை என் கையாலேயே மழித்துவிடுகிறேன். அண்ணிக்கு ஸலாம். தங்கள் ஆயுளை அல்லாஹ் நீட்டித் தருவானாக.

இப்படிக்கு, தங்கள் கோபத்துக்கு ஆளான தம்பி,
கஸ்ஸான்

பின்குறிப்பு: சல்வா இதைப் படித்துவிட்டு, “கடைசியில பொய் எழுதியிருக்கீங்களே, உண்மை தெரியாம வாழ்த்திட்டுப் போக அவரும் உங்களுக்கு ஹாஜி முன்தரா?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆகவே எழுதுகிறேன். இந்த வாரம் என் முடி மறுபடி முளைத்திருக்கிறது. பஞ்சு மாதிரி, முழு வெள்ளை. பார்த்தவர்கள் எல்லாரும் மாஷா அல்லாஹ் என்கிறார்கள். மருந்தை நிறுத்திவிட்டார்கள் அண்ணா, அதனால்தான் முளைக்கிறது. இனிமேல் கொடுத்துப் பயனில்லையாம். அடுத்த வருஷம் என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். உம்ராவை என் பெயரில் நீங்கள் செய்யுங்கள், தலையையும் முழுசாக மழித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் கேட்கிறேன். அதற்கு முன்னால் இந்த வெள்ளிக்கிழமையே இங்கே வாருங்கள். வரும்போது கொஞ்சம் எண்ணெய் கொண்டு வாருங்கள். இந்தப் புது முடிக்கு இன்னும் யாரும் எண்ணெய் வைக்கவில்லை.