சுவர் வழியே மாடிக்கு

என் வீட்டுக்காரர் ஒரு சனிக்கிழமை பல் துலக்கும் முன்பே விஞ்ஞானியாகிவிட்டார். கையில் இரண்டு வெள்ளைப் பிளக்குகள்.

"ஒண்ணை ஹால்ல மோடத்தோட மாட்டணும். இன்னொண்ணு மாடி ரூம்ல. சுவருக்குள்ள ஓடுற கரண்ட் ஒயர்லயே நெட் ஏறி வந்துடும்!"

"கரண்ட் ஒயர்லயா? தீப்பிடிக்காதாங்க?"

"உனக்கு டார்ச் லைட்டைப் பார்த்தாலும் பயம்."

உண்மைதான். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் மணியடித்தால் எழுந்து நின்று பழகியவள், இன்றும் குக்கர் விசிலடித்தால் எழுந்து நிற்கிறேன். ஆனால் அன்று நான் பயந்தது தீக்கு இல்லை. மாடிக்கு நெட் எட்டாதவரை இவர் ஹாலில்தான் உட்கார வேண்டும். ஆபீஸ் வேலை முடிந்ததும் எங்கள் கைக்குழந்தை குட்டியை இவர் மடியில் போட்டுவிட்டு நான் குளிக்கப் போவேன். நாள் முழுக்க எனக்கென்று இருந்தது அந்த ஒரு குளியல்தான்.

மாடியில் பச்சை விளக்கு எரிந்தது. கீழே என் குளியல் அணைந்தது.

சாயங்காலமானால் "அவசர வேலை!" என்று மாடியேறிக் கதவைச் சாத்திக்கொள்வார். அந்த அவசர வேலையில் யாரோ சிக்ஸர் அடிப்பதும் ஊரே கைதட்டுவதும் கீழே வரை கேட்கும்.

"ஏங்க, கொஞ்சம் குட்டியைப் பிடிங்களேன்!"

"ஒண்ணும் கேக்கலைம்மா, கதவு சாத்தியிருக்கு!"

ஒருநாள், கக்கிய பால் வாடையும் சிக்குத் தலையுமாக, குட்டிக்குக் காரட் மசிக்க மிக்ஸியைப் போட்டேன். மாடிக்கதவு படாரென்று திறந்தது.

"நெட் போச்சு!"

பயந்துபோய் நிறுத்தினேன்.

"வந்துடுச்சு!"

மறுபடி போட்டேன்.

"ஐயோ, போச்சு!"

கரண்ட் ஒயரில் நெட் ஏறுமென்றால் மிக்ஸியின் இரைச்சலும் ஏறாதா என்ன? பிறந்ததிலிருந்து முதல்முறையாக, ஒரு சுவிட்சைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் சாயங்காலம் மிக்ஸியைப் போட்டேன். போட்டுக்கொண்டே இருந்தேன். இவர் தடதடவென்று இறங்கி வந்தார்.

"மறுபடியும் நெட் போச்சுடி! எப்ப வரும்?"

"வர நேரம் ஆகுங்க. சும்மாதானே நிக்கறீங்க, இவளைப் பிடிங்க."

கைமாறியது குழந்தை. மிக்ஸியை நிறுத்திவிட்டு நான் குளியலறைக்குள். அன்றிலிருந்து தினமும் மிக்ஸி, தினமும் குளியல்.

நேற்று ஈரத்தலையைத் துவட்டியபடி வெளியே வந்தேன். தோளில் குட்டியோடு இவர் சமையலறையில் வெற்றிவீரராக நின்றிருந்தார்.

"கண்டுபிடிச்சுட்டேன்! நெட்டுக்கு எமன் உன் மிக்ஸிதான். இனிமே எல்லாத்தையும் காலையிலேயே நானே அரைச்சு வெச்சுடறேன். தினம் அப்படி என்னதான் அரைக்கிற?"

ஜாரின் மூடியைத் திறந்தார்.

உள்ளே ஒன்றுமே இல்லை. ஈரம்கூட இல்லை.

ஜாரைப் பார்த்தார். என் ஈரத்தலையைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

குட்டி அப்போதுதான் தூங்கியிருந்தாள். பாவம், கத்தக்கூட முடியவில்லை.