கரண்ட் இல்லாத முன்மாதிரி ஊர்

அனல்மின் நிலையத் தொழிலாளர்களும் பருவநிலைப் போராட்டக்காரர்களும் நிலையத்தின் வாசலில் மூன்று முறை கட்டிப் புரண்டார்கள். எனவே அரசு, முறைப்படி, நிலக்கரி நல்லிணக்கப் பிரிவு என்ற ஒன்றைத் தொடங்கியது. அதன் அலுவலர் தேவராஜ், இரு தரப்பும் பேசுவதற்கு நிலக்கரியோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஓர் ஊரைத் தேடினார்.

கொல்லிமலையில் ஊர்த்தொகுதியை நாடு என்பார்கள்; அதில் குண்டனி நாட்டில் ஒரு சிற்றூர் அகப்பட்டது. அங்கே டிரான்ஸ்பார்மர் வெடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மகளிர் குழுத் தலைவி சென்னம்மாள் பதினோரு மனு போட்டிருந்தார். குழுவிடம் சாமைக்கு உமி நீக்கும் சின்ன மெஷின் ஒன்று உண்டு. அது ஓடாததால் பன்னிரண்டு பெண்கள் மொத்த அறுவடையையும் உலக்கையால் குத்திக்கொண்டிருந்தார்கள். சென்னம்மாளால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. மனுக்களைப் படித்த தேவராஜுக்கு மெய்சிலிர்த்தது. "மின்சாரமே பயன்படுத்தாத ஊர்" என்று கோப்பில் எழுதி, அடிக்கோடும் போட்டார்.

எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இரு தரப்பும் தனித்தனி டீசல் பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். இரண்டு பஸ்ஸிலும் வாந்தி. கருத்து வேறுபாடற்ற முதல் நிகழ்வு என்று அது பதிவு செய்யப்பட்டது.

தொழிற்சங்கத் தலைவர் மாணிக்கம் எழுந்தார். "எங்க பிளாண்ட்டை மூடினா ரெண்டாயிரம் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துருங்க!"

போராட்டக் குழுவின் மேனகா விடவில்லை. "மூடாட்டி மழையே வராதுங்க. அப்புறம் தெருவு மட்டும் எதுக்கு?"

இரண்டுமே நியாயமாகப் பட்டதால் தேவராஜ் இரண்டையும் எழுதவில்லை. "ஊர் சார்பா நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா" என்றார்.

"ஏனுங்க, டிரான்ஸ்பார்மர் எப்பங்க வரும்?" என்றார் சென்னம்மாள்.

"கரண்ட்டு உற்பத்தி பண்றது வரைக்குந்தான் எங்க வேலைங்க" என்றார் மாணிக்கம்.

"சோலார் வைக்கலாங்கக்கா. ஆனா அது எங்களோட அடுத்த வருசப் போராட்டம்" என்றார் மேனகா.

பேச்சு முறிந்தது. சென்னம்மாள் உலக்கையை எடுத்துக்கொண்டு குத்தப் போனார். இரு தரப்பும் ஓடிவந்து அவரைப் படம் பிடித்தார்கள். மேனகாவின் படத்துக்குக் கீழே "நிலக்கரி இல்லாத வாழ்வு இத்தனை அழகு" என்று போட்டார்கள். மாணிக்கத்தின் படத்துக்குக் கீழே "நிலக்கரி இல்லாவிட்டால் இதுதான் கதி" என்று போட்டார்கள். படம் ஒன்றுதான். இந்த ஊருக்குக் கரண்ட் வந்துவிட்டால் இரண்டு வாசகமும் பொய்யாகிவிடும் என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. எனவே ஊர் உள்ளது உள்ளபடியே பாதுகாக்கப்பட வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. படித்தவர்கள் கை வலிக்கும் ஒருத்தியைச் சுற்றி நின்று கை தட்டினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

பதினோரு மனுக்களும் முடித்துவைக்கப்பட்டன. ஊருக்கு 'முன்மாதிரி ஊர்' என்று கேடயம் கிடைத்தது, தார் ரோடும் அறிவிக்கப்பட்டது.

ரோடு என்றதும் தேவனூர் நாட்டில் ஓர் ஊருக்குப் பொறுக்கவில்லை. "எங்கள் ஊர் டிரான்ஸ்பார்மரைக் கழற்றி எடுத்து எங்களையும் முன்மாதிரி ஆக்குமாறு" மனு போட்டார்கள். மூன்றே நாளில் லாரி வந்து கழற்றிக்கொண்டு கிளம்பியது.

வழியில், தன் ஊருக்கு முன்னால், சென்னம்மாள் கையை நீட்டி லாரியை மறித்தார். "அதை இங்கியே எறக்கிட்டுப் போங்க, சாமி."

"கழட்டறதுக்குத்தானுங்க ஆர்டர். மாட்டறதுக்கு வேற செக்‌ஷன்" என்றார் டிரைவர் தனபால்.

"அப்ப அது எங்க போவுதோ அங்கியே நானும் வாரேன்." குழுப் பெண்கள் மெஷினையும் சாமை மூட்டையையும் ஏற்ற, தானும் ஏறிக்கொண்டார்.

லாரி மலையிறங்கி, நல்லிணக்கப் பிரிவின் புது ஆபீஸ் முன் நின்றது. அங்கே ஏ.சி.க்குக் கரண்ட் பத்தவில்லையாம்; அதற்குத்தான் இந்த டிரான்ஸ்பார்மர். உள்ளே இரண்டாம் கட்டப் பேச்சுவார்த்தை. தேவராஜ், மாணிக்கம், மேனகா மூவரும் வியர்த்து வழிய, கையிலிருந்த தீர்மானத்தால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

"டிரான்ஸ்பார்மர் வந்துருச்சா?" என்று மூவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"வந்துருச்சுங்க" என்றபடி சென்னம்மாள் மெஷினை மேஜை மேல் வைத்தார். "பிளக்கு எங்கீங்க இருக்குது?"