டைபீரியஸைத் தெரியாத மாப்பிள்ளை

நாணயம் என்ற சொல்லுக்கு நேர்மை என்றும் பொருள் உண்டு. அதைப் பற்றித்தான் நான் பொய் சொன்னேன்.

கல்யாணத்துக்காக பயோடேட்டா அடித்தபோது 'பொழுதுபோக்கு' என்ற இடம் காலியாக இருந்தது. ஷிப்ட் முடிந்து வந்து தூங்குவதுதான் என் பொழுதுபோக்கு. அதை எழுத முடியுமா? 'பழங்கால நாணயம் சேகரித்தல்' என்று போட்டேன். (சேகரித்தது, ஊறுகாய் பாட்டிலில் கொஞ்சம் ஐந்து பைசா.)

நெய்வேலி டவுன்ஷிப்பில் பெண் வீடு. பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து நானும் அம்மாவும் போனோம். மைன்ஸில் பர்மனென்ட் வேலையில் இருந்த பெண்ணின் அப்பா, பயோடேட்டாவைப் படித்ததும் முகம் மலர்ந்து, பீரோவிலிருந்து இரண்டு வெள்ளிக்காசுகளை எடுத்து வைத்தார்.

"ரோமாபுரி காசுங்க. ஒண்ணு ஒரிஜினல், ஒண்ணு டூப்ளிகேட். எது எதுன்னு சொல்லுங்க பார்ப்போம்."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "எம்புள்ள வூட்டுல எந்நேரமும் காசத்தான் பாத்துக்கினு இருக்குங்க!"

இரண்டிலும் ஒரே முகம். ஒன்று பளபளத்தது. மற்றது கறுத்து, ஓரம் கோணி, ராஜாவின் கன்னத்தில் ஆழமான வெட்டோடு இருந்தது.

"இது டூப்ளிகேட்டுங்க. யாரோ பிளேடால கீறியிருக்காங்க" என்று கறுத்ததைத் தள்ளினேன். அதோடு நின்றிருக்கலாம். பளபளத்ததைக் கையில் எடுத்தேன். "இதுல சீசர்னு போட்டிருக்குது பாருங்க. ஜூலியஸ் சீசர். சாவுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அடிச்சது."

காபித் தட்டோடு வந்த அன்புச்செல்வி அப்படியே நின்றாள். லேபில் நிலக்கரி மாதிரிகளைப் பரிசோதிக்கிற பெண்.

"அப்பா, நான் சொல்லட்டுமா?"

கறுத்த காசின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள்.

"அங்க ராஜாவா இருந்தவங்க நிறைய பேர் சீசர்னு போட்டுக்குவாங்க. சீசருக்கு முன்னாடி டி, ஐன்னு ரெண்டு எழுத்து இருக்குதுங்களா? இவரு டைபீரியஸ். பின்பக்கம் ஒரு அம்மா செங்கோலோட உக்காந்திருக்காங்க. வெட்டுக்குள்ளயும் அதே கறுப்பு இருக்கு, அதனால அதுவும் பழைய வெட்டுதான். நம்ம பக்கம் கிடைச்ச காசுல இப்படி நிறைய உண்டு. ஏன் வெட்டினாங்கன்னு உறுதியா யாருக்கும் தெரியல."

பிறகு பளபளப்பானதை என்னிடம் நீட்டினாள். "ஓரத்துல நகத்தால தடவிப் பாருங்க."

தடவினேன். சுற்றிலும் மெல்லிய கோடு நகத்தில் இடறியது.

"ரெண்டு அச்சு சேர்ற இடம். இது உருக்கி ஊத்தினது. ரோமாபுரிக்காரங்க சுத்தியாலதான் அடிப்பாங்க."

என் காது சுட்டது. "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. சும்மா எழுதிட்டேன்" என்றேன். அம்மா என் காலை மிதித்தார்.

பெண்ணின் அப்பா குலுங்கிச் சிரித்தார். "பளபளப்பைப் பார்த்து நானும் அதைத்தான் ஒரிஜினல்னு வாங்கினேங்க! கண்டுபிடிச்சது இவதான்."

அவள் கறுத்த காசை என் உள்ளங்கையில் வைத்து, "டி, ஐ எங்கன்னு காட்டுங்க" என்றாள். தேய்ந்துபோன எழுத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். இவ்வளவையும் பஸ் போர்டு படிப்பதுபோல் படித்துவிட்டாளே என்ற பிரமிப்பில் காபியை மறந்தேன்.

"சொன்னா கேட்டுக்கிறாரு" என்று அன்றே அப்பாவிடம் சம்மதம் சொன்னாளாம்.

அவள் சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை நான் 'சீசர் மாப்ள'தான். போன மாதம் ஒரு வளைகாப்பில், சீசர்தான் என் பெயர் என்று நினைத்துக்கொண்டு, புதிதாகச் சம்பந்தம் செய்த ஒருவர் என் அம்மாவைத் தனியாக அழைத்து விசாரித்தார்: "உங்க பையன் எப்பங்க கிறிஸ்டியன் ஆனாரு?"