எல் கியரில் ஒரு சம்பந்தம்

அந்த ரயில்வே மேம்பாலத்தில் ரெமிஜியஸ் ஏறி இறங்கியது பதினேழு தடவையா, பத்தொன்பது தடவையா என்பது இப்போது சரியாக நினைவில்லை. இருதயம்மாளைக் கேட்டால் நூறு என்பார். அவர் கணக்கை நம்ப முடியாது, கோபத்தில் எண்ணியது. ஆனால் முதல் தடவை இறங்கும்போதே அவர் மடியிலிருந்த தூக்குச்சட்டி கவிழ்ந்து, சேலையெல்லாம் சாம்பார் ஆனது மட்டும் நிச்சயம்.

"ஏங்க, பிரேக்குப் போட்டா சொல்லிட்டுப் போடக் கூடாதா?"

"நான் பிரேக்கே போடலை, இருதயம்."

"அப்ப எது என்னைத் தூக்கி முன்னால எறிஞ்சுது?"

"என்ஜின்."

இருதயம்மாள் கணவரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு சேலையைப் பார்த்தார். ரெமிஜியஸுக்கு அந்தப் பார்வைதான் பயம்.

ரெமிஜியஸ் மன்னார்குடியில் பம்புசெட் சாமான் கடை வைத்திருப்பவர். இடது முழங்கால் தேய்ந்துவிட்டதால், கிளட்ச் மிதிக்க வேண்டாத ஆட்டோமேட்டிக் காராகப் பார்த்து வாங்கியிருந்தார். கியர் லிவரை 'டி'யில் வைத்தால் போதும்; மற்றதை வண்டி பார்த்துக்கொள்ளும். 'டி'க்குக் கீழே 'எல்' என்று ஒரு எழுத்து இருப்பதை அவர் இரண்டு வருடமாகக் கவனித்ததே இல்லை. கவனிக்கத் தேவையும் வரவில்லை. அவர் பிறந்து வளர்ந்த பக்கத்தில் தரை என்பது சாப்பாட்டுத் தட்டு. தண்ணீரே நின்று யோசித்துத்தான் எந்தப் பக்கம் ஓடுவது என்று முடிவு செய்யும்.

தேவை ஒரு போன் வழியாக வந்தது. அவர் மகள் அருள்ஜோதி, பெங்களூரில் உடன் வேலை செய்யும் ஜஸ்டினைக் கட்டிக்கொள்ள விரும்பினாள். ஜஸ்டினின் அப்பா குழந்தைராஜ் கொடைக்கானலில் இருந்தார். கட்டைக் குரல்.

"சார், சீர் வேணாம், நகை வேணாம். ஒரே ஒரு கண்டிஷன். நான் மலைக்காரன். மலைன்னா பயப்படுற குடும்பம் எனக்கு ஆகாது. நிச்சயத்துக்கு வாங்க. முடிஞ்சதும் நீங்களே வண்டி ஓட்டி எங்களைக் கீழே கூட்டிட்டு வரணும். டிரைவர் எல்லாம் வெச்சுக்கக் கூடாது. கீழ வந்து சேர்ந்தப்புறம் கல்யாணத் தேதி பேசுவோம்."

"அதுக்கென்னங்க! மலை இறங்குறதெல்லாம் நமக்குத் தண்ணி பட்ட பாடு" என்றார் ரெமிஜியஸ்.

போனை வைத்த பிறகு வெகுநேரம் கடைக்குள் ஒரு மோட்டார் உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். அருள்ஜோதி அன்று மாலை பேசினாள். "அப்பா, அவர் ஒருதடவை வேணாம்னா அப்புறம் மாறவே மாட்டாராம். ஜஸ்டினும் அப்பா பேச்சைத் தாண்ட மாட்டான். பார்த்துக்குங்கப்பா."

மறுநாளே கூத்தாநல்லூர் மெக்கானிக் அப்துல் ஜலீலிடம் போனார். ஜலீல் ஊட்டியில் நாலு வருடம் டாக்சி ஓட்டியவர்.

"மலை இறக்கத்துல பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வந்தீங்கன்னா சூடேறிக்கும் பாய்... மன்னிச்சுக்குங்க, வாய்ப் பழக்கம், அண்ணே. சூடேறினா பிடிக்காது. லிவரை எல்-லுக்குத் தள்ளுங்க. வண்டி சின்ன கியருக்கு வந்துடும். என்ஜினே சக்கரத்தை இழுத்துப் பிடிச்சுக்கும். சத்தம் போடும். பயப்படாதீங்க."

"எங்க போய்ப் பழகுறது?"

ஜலீல் நாலு திசையும் பார்த்தார். நாலு திசையும் வயல். "மேம்பாலம்" என்றார்.

உள்ளூரில் பழகினால் கடைக்கு வருகிறவர்கள் பார்த்துவிடுவார்கள். அதனால் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, தெரிந்த முகம் இல்லாத இடத்தில் ஒரு பாலத்தைத் தேர்ந்தெடுத்தார். மலையில் பேச்சுத்துணையோடு ஓட்ட வேண்டியிருக்கும் என்று இருதயம்மாளையும் ஏற்றிக்கொண்டார். அறுபது வேகத்தில் இறங்கும்போது எல்-லுக்குத் தள்ளியதுதான் சாம்பாருக்குக் காரணம்.

ஜலீலுக்குப் போன் போட்டார். "மேலயே வேகத்தைக் குறைச்சுக்கிட்டு அப்புறம் தள்ளுங்கண்ணே!"

குறைத்துக்கொண்டு தள்ளினார். என்ஜின் லேசாக உறுமியது. வண்டி யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்ததுபோல் சாதுவாக இறங்கியது. ரெமிஜியஸ் முகத்தில் சிரிப்பு வந்தது. அதே சமயம் பின்னால் கிறீச்சென்று ஒரு சத்தம். வாத்து ஏற்றிய மினி வேன் ஒன்று இரண்டு முழ இடைவெளியில் நின்றிருந்தது. வாத்துகள் எல்லாம் சேர்ந்து திட்டின. டிரைவர் தனியாக இறங்கி வந்து திட்டினார்.

"யோவ் பெரியவரே, பிரேக்கு லைட்டு எரியலையே!"

"பிரேக்குப் போட்டாத்தானே எரியும்?"

"போடாமயா வண்டி நின்னுச்சு?"

"நிக்கலை. மெதுவாச்சு. என்ஜின் பிடிச்சுது."

டிரைவர் இருதயம்மாளைப் பார்த்து, "அம்மா, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார் பரிவோடு.

இதற்கும் ரெமிஜியஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். எல்-லில் இறங்கும்போதெல்லாம் இருதயம்மாள் ஜன்னல் வழியே ஒரு சிவப்புத் துண்டை நீட்டி ஆட்ட வேண்டும். ஒவ்வொரு இறக்கத்திலும் எவ்வளவு வேகத்தில் வண்டி பிடித்தது என்று நோட்டில் எழுதவும் வேண்டும்.

மூன்று நாள் இப்படி நடந்தது. வெள்ளைக் கார், வெள்ளைச் சட்டை, சிவப்புத் துண்டு, கையில் நோட்டு. பாலத்துக்கு அடியில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இந்தப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார் ஒரே இடத்தில் இரண்டு தடவை போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நாலாம் நாள் காலையில் பாலத்து முனையில் இருபது பேர் நின்றார்கள். முன்னால் ரெத்தினம் என்ற விவசாயி, கையில் பட்டா நகலோடு.

"பைபாஸ் ரோடு எந்தப் பக்கமா போவுது சார்? எங்க நிலத்துல எவ்வளவு எடுக்குறீங்க?"

"ஐயா, நான் ஆபீசர் இல்லைங்க. பம்புசெட் கடை."

"சர்வேக்கு வர்ற எல்லாரும் முதல்ல இப்படித்தான் சார் சொல்லுவாங்க."

"அந்தம்மா நோட்டுல என்ன எழுதுறாங்க, அதைக் காட்டுங்க!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இருதயம்மாள் நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டார். அது சந்தேகத்தை ஊர்ஜிதம் செய்தது.

உண்மையைச் சொல்லலாம்தான். ஆனால் மலை இறங்கப் பயந்து மேம்பாலத்தில் பழகுகிறேன் என்று இருபது பேர் முன்னால் எப்படிச் சொல்வது? நாலு பேர் போனில் வீடியோ வேறு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நிலம் இல்லைங்க. பாலம் இறக்கம் எப்படி இருக்குன்னுதான் பாக்குறோம்."

கூட்டம் கலைவதற்குள் செய்தி ஊருக்குள் போய்ச் சேர்ந்திருந்தது: பாலம் இறங்குகிறதாம்.

மறுநாள் பாலத்தின் இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. டவுன் பஸ் நின்றது. வைக்கோல் டிராக்டர் நின்றது. வாத்து வேனும் நின்றது. யாரும் ஏறவில்லை. ரெமிஜியஸின் கார் வந்ததும் ரெத்தினம் கையை உயர்த்தினார்.

"சார் வந்துட்டாரு! சார், நீங்க முதல்ல ஏறி இறங்கிக் காட்டுங்க. அப்பத்தான் நாங்க நம்புவோம்."

"நாங்களும் பின்னாலயே வர்றோம்" என்றார் பஸ் கண்டக்டர். "நீங்க போற வேகத்துலயே."

வேறு வழியில்லை. எல்-லில் போட்டு, இருபது வேகத்தில், சிவப்புத் துண்டு அசைய அவர் இறங்கினார். பின்னால் பஸ், டிராக்டர், வேன், பதினைந்து மோட்டார் சைக்கிள். புதிதாக வந்து நின்ற வண்டிகளுக்காக அந்த ஊர்வலத்தைச் சாயங்காலம் வரை நடத்த வேண்டியிருந்தது. கடைசி இறக்கத்தில் அவர் கால் பிரேக்கின் பக்கம் போகவே இல்லை.

"கத்துக்கிட்டேன் இருதயம்" என்றார்.

"நானும் கத்துக்கிட்டேன். துண்டு ஆட்ட."

கொடைக்கானலில் நிச்சயம் நல்லபடி முடிந்தது. குழந்தைராஜ் வாட்டசாட்டமான ஆள், கறுப்புக் கண்ணாடி, முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். பின்னால் அவர் மனைவி லூர்துமேரியும் இருதயம்மாளும். ரெமிஜியஸ் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு லிவரை எல்-லுக்குத் தள்ளினார்.

வளைவுக்கு மேல் வளைவு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வானம். என்ஜின் உறுமி உறுமிப் பிடித்தது. லேசாகத் தொட்டுக்கொள்வதற்கு மட்டும்தான் பிரேக். தன் கை இவ்வளவு நிதானமாக இருக்கும் என்று அவரே நினைத்ததில்லை. ஆனால் குழந்தைராஜ் ஒரு வார்த்தை பேசவில்லை. "குளிருதுங்களா?" என்றார் ரெமிஜியஸ். பதில் இல்லை. "பாட்டுப் போடவா?" பதில் இல்லை. ஒவ்வொரு வளைவுக்கும் மனசுக்குள் மார்க் போடுகிறார் போலும் என்று ரெமிஜியஸ் அடுத்த வளைவை இன்னும் மெதுவாக எடுத்தார். அருள்ஜோதியின் முகம் கண்ணுக்குள் வந்து வந்து போனது.

இரண்டரை மணி நேரம். அடிவாரத்தில் சமதரை வந்ததும் குழந்தைராஜ் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி ரோட்டோரமாகச் சற்று நேரம் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"சம்பந்தி" என்றார், முதல் தடவையாக. "தையிலேயே வெச்சுக்கலாம்."

தையில் கல்யாணம் நடந்தது. அருள்ஜோதியும் ஜஸ்டினும் பெங்களூரில் நன்றாக இருக்கிறார்கள். அதிகாரிகள் வந்து அளந்து பார்த்து, பாலம் இம்மிகூட இறங்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்; ஆனாலும் வாத்து வேன் இன்றுவரை சுற்றுவழியில்தான் போகிறது. ரெத்தினம் பம்புசெட்டுக்கு வாஷர் வாங்க மன்னார்குடி வந்தவர், கல்லாவில் ரெமிஜியஸைப் பார்த்துவிட்டு, சார் ரிட்டயர் ஆகிவிட்டார் என்று ஊரில் போய்ச் சொன்னார். குழந்தைராஜ் மட்டும் மலைக்குத் திரும்பவில்லை. மன்னார்குடியிலேயே வாடகைக்கு வீடு பிடித்துவிட்டார்.

"அந்தக் குளுகுளு ஊரை விட்டுட்டு எதுக்குங்க இந்த வெயிலுக்கு வந்தாரு?" என்று இருதயம்மாள் ஒருநாள் கேட்டேவிட்டார்.

லூர்துமேரி கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "இவருக்குப் பூர்வீகமே இங்க பக்கத்துல இருக்கிற பாபநாசம்தாங்க, முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால ரெண்டு நாள் வேலையா மேல வந்தவரு, இறங்கப் பயந்துக்கிட்டு அங்கேயே என்னைக் கட்டிக்கிட்டுத் தங்கிட்டாரு!"