வாட்டம்

கேட் பாதி திறந்ததும் கிறீச்சென்று நின்றுவிட்டது. புதிதாகப் பதித்த பேவர் கல்லில் அதன் அடிப்பட்டை முட்டிக்கொண்டிருந்தது.

"இப்படிப் பாதி திறந்தா கார் எப்படிப்பா உள்ள வரும்?" என்றார் டைம்கீப்பர். பஸ் டெப்போவில் முப்பது வருஷம் அந்த வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் அதுவே பெயராகிவிட்டது.

"கல்லு ரெண்டு அங்குலம் உசந்துடுச்சு சார். கேட்டை அடியில அறுத்துட்டாப் போச்சு," என்றார் காண்ட்ராக்டர். எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் "போச்சு" என்று முடிகிற ஒரு வைத்தியம் இருந்தது. "ஆமா, உங்ககிட்ட கார் இருக்கா சார்?"

"எனக்கு எதுக்கு? என் பையன் வருவான்."

அதுதான் விஷயம். மனைவி போன பிறகு அந்த வீட்டில் அவர் தனி ஆள். அம்மாவின் சாவுக்கு வந்து போன மகன், இரண்டு வருஷமாக எட்டிப் பார்க்கவில்லை. எப்போது கூப்பிட்டாலும், "வர ஆசைதாம்பா. நம்ம வாசல் மேடுபள்ளத்துல கார் அடி தட்டுதே" என்பான். பெற்றவனையும் பிள்ளையையும் பிரித்துவைக்க இருபதடி மண் போதுமா என்று யோசித்தவர், மறுநாளே காண்ட்ராக்டரைக் கூப்பிட்டுவிட்டார்.

கேட்டை அறுத்தார்கள். இரண்டு அங்குலம் அறுக்க வேண்டிய இடத்தில் ஒரு சாண் போய்விட்டது. தெருநாய் ஒன்று அந்தச் சந்து வழியாக நுழைந்து மணல் குவியலில் குடியேறியது.

டைம்கீப்பர் மகனுக்குப் போன் செய்தார். "இந்த ஆள் சரியில்லடா. ஒரு வாரம்னான், ஒரு மாசம் ஆச்சு."

"அவர் நம்பரைக் குடுப்பா. பேசற விதத்துல நான் பேசறேன்."

டைம்கீப்பருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என்ன இருந்தாலும் பிள்ளை பிள்ளைதான்.

மறுநாள் காண்ட்ராக்டர் பெட்டிப் பாம்பாக வந்து நின்றார். "பையன் பேசினார் சார். இனிமே எல்லாம் அவர் சொல்றபடிதான்."

கல்லை எல்லாம் பெயர்த்துத் தாழ்த்திப் பதித்தார்கள். அந்த வாரமே மழை. முற்றத்துத் தண்ணீர் மொத்தமும் ஹாலுக்குள் வந்து, அவருடைய செருப்பு சோபாவைச் சுற்றி மிதந்தது.

"வாட்டம் வீட்டுப் பக்கம் போயிடுச்சு சார்."

"என்ன வாட்டம்?"

"தண்ணி வடியற சரிவு சார். தெருப் பக்கம் இருக்கணும். மறுபடி பெயர்த்துட்டாப் போச்சு."

"வீட்டுக்குள்ள ஏற்கெனவே இருக்கற வாட்டம் போதாதாய்யா?" என்று, வாளியில் வாரிக்கொண்டே கேட்டார் டைம்கீப்பர். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

இம்முறை தெருப் பக்கம் வாட்டம் கொடுத்ததில், சுவரோரம் நிறுத்திய பக்கத்து வீட்டுச் சைக்கிள் தானாகப் புறப்பட்டுச் சாக்கடையில் இறங்கியது. மூன்றாம் தடவையாகப் பெயர்த்துக் குவித்துவிட்டு, "இதோ வந்துடறேன்" என்று போன காண்ட்ராக்டர் வரவே இல்லை. சித்தாள் பெண் மட்டும் தினமும் எட்டு மணிக்கு வந்து கல் குவியல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு ஐந்து மணிக்குப் போனாள்.

"என்னம்மா வேலை செய்யற நீ?"

"வந்து உக்காரச் சொன்னாருங்க ஐயா."

வெட்கக்கேடு என்னவென்றால், டைம்கீப்பர் அவளுக்கும் சேர்த்துத் தேநீர் போடப் பழகியிருந்தார். எட்டு அடித்து ஐந்து நிமிஷம் ஆனால் வாசலைப் பார்த்தார். தனிமையில் இருக்கிறவனுக்கு ஏமாற்றுகிறவன் வந்தால்கூடத் தேவலை என்று ஆகிவிடுகிறது.

ஒன்பதாம் நாள் பொறுமை போய்விட்டது. கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"உனக்குக் கல்லு வைக்கத் தெரியுமா?"

"பதினஞ்சு வருஷமா எடுத்துக் குடுக்கறேன், வைக்கத் தெரியாதுங்களா? ஆனா..."

"ஆனாவும் இல்ல, ஆவன்னாவும் இல்ல. நான் எடுத்துத் தரேன், நீ வை."

முதல் நாள் முழுக்க அவள் தயங்கித் தயங்கித்தான் வைத்தாள். மறுநாள் வேலை சூடு பிடித்தது. நூல் கட்டி, ரப்பர் சுத்தியால் தட்டி, காண்ட்ராக்டர் இரண்டரை மாதத்தில் செய்யாததை இரண்டு நாளில் முடித்துவிட்டாள். டைம்கீப்பருக்கு இடுப்பு கழன்றுவிட்டது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். அது அடக்க ஒடுக்கமாகத் தெருப் பக்கம் நடந்தது. கேட் முழுசாகத் திறந்தது.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"யாருக்குங்க ஐயா?"

"என் பையனுக்குத்தான். வேலை முடிஞ்சுது, இன்னிக்கே கிளம்பி வாடான்னு சொல்லணும்."

அவள் பதறிப்போய்ச் சுத்தியைக் கீழே போட்டாள்.

"ஐயோ, சொல்லிடாதீங்க ஐயா, என் வேலை போயிடும்! வேலை முடிஞ்சா அவரு இங்க வந்தாகணுமாம், அதனால முடிக்கவே கூடாதுன்னு எங்க காண்ட்ராக்டர்கிட்ட சொல்லி வச்சதே உங்க பையன்தாங்க!"