பிரபஞ்சம் விரிய அனுமதி வாங்கிய கதை

அரசாங்கப் படிவத்தில் உண்மையை எழுதக்கூடாது என்பது ஆஸ்திரேலியாவில் கைக்குழந்தைக்கும் தெரியும். நியூ சவுத் வேல்ஸ் மலையொன்றில் தொலைநோக்கியோடு குடித்தனம் நடத்திய வானியலாளர் பிரான்வின் டாஸ்கருக்குத்தான் தெரியவில்லை. 'தங்கள் ஆய்வு சார்ந்த ஆற்றல் ஆண்டுதோறும் குறைகிறதா, கூடுகிறதா?' என்ற பதினான்காம் கேள்விக்கு, 'கூடுகிறது' என்று எழுதித் தொலைத்தாள். வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் படிவத்தில் அதிகாரியின் கையெழுத்து கிடைக்காவிட்டால் தொலைநோக்கியை இழுத்து மூடிவிடுவார்கள். ஆறு வருட உழைப்பு அம்போ.

ஆற்றல் சிக்கன இயக்ககத்திலிருந்து அதிகாரி நெவில் ப்ரூயிட் நேரிலேயே வந்துவிட்டார். காலைத் தேநீரும் லாமிங்டன் கேக்கும் தீரும்வரை யாரும் வேலை பேசுவதில்லை என்பது அங்கே எழுதாத சட்டம். சட்டையில் ஒட்டிய தேங்காய்த் துருவலைத் தட்டிவிட்டு அவர் ஆரம்பித்தார்.

"பிரான், இது ஏன் கூடுது?"

"இது இருண்ட ஆற்றல், நெவ். ஒரு லிட்டர் இடத்துல எவ்வளவு இருக்கோ, அது மாறாது. ஆனா பிரபஞ்சம் விரியுது, இடம் கூடுது. அப்ப மொத்தமும் கூடத்தானே செய்யும்?"

"யாரக் கேட்டு விரியுது?"

"யாரையும் கேக்கல."

"ஆற்றலப் புதுசா உண்டாக்க முடியாதுன்னு நானே ஸ்கூல்ல படிச்சிருக்கேன்."

"விரியற பிரபஞ்சத்துக்கு மொத்தமா அந்த விதி பொருந்தாது."

"ஓ, விதிவிலக்கு. சரி, அதுக்கு ஆர்டர் எங்க?"

பிரான்வினுக்கு அழுகையே வந்துவிட்டது. "அஞ்சு சதவீதம் குறைக்கிறதா ஒரு திட்டம் எழுதிக் குடுங்க, போதும்" என்று அவர் பெரிய மனது பண்ணியபோது, அழுகை போய் எரிச்சல் வந்தது.

"உங்க இயக்ககத்துல எத்தனை பேரு, நெவ்?"

"ஆரம்பத்துல ஒரு ரூம், நாலு பேரு. இப்ப தொண்ணூறு ரூம்."

"ரூமுக்கு எத்தனை?"

"அதே நாலு. அதுல நாங்க ரொம்பக் கறார்."

"செய்யற வேலை?"

"அது ரூம் ரூமாப் பிரிஞ்சதுல கொஞ்சம் நீர்த்துப்போச்சு."

"பிரபஞ்சத்துலயும் அதேதான். பொருள் நீர்த்துப்போகுது, இருண்ட ஆற்றல் மட்டும் நீர்க்காது."

நெவில் எழுந்தே நின்றுவிட்டார். பிரபஞ்சம் இவ்வளவு ஒழுங்காக அலுவலக நடைமுறையைப் பின்பற்றுகிறது என்று இருபது வருடப் பணியில் அவருக்கு யாரும் சொன்னதில்லை. 'மேற்படி விரிவு நிர்வாக மரபுக்கு இணங்கவே உள்ளது' என்று குறிப்பெழுதி, அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

அனுமதித்த விரிவைக் கண்காணிக்கக் கிளை அலுவலகம் வேண்டாமா? மலையில் பெரிய இடம் தொலைநோக்கிக் கூடம்தான்; அலுவலகம் அதற்குள்ளேயே வந்தது. தலைமை அதிகாரி, பிரான்வின் டாஸ்கர். கூரையைத் திறந்தால் ஏசிக் குளிர் வீணாகும் என்று அதை மூடி முத்திரை வைத்தார்கள்.

முதல் மாதம் அவள் சண்டை போட்டாள். இரண்டாம் மாதம், வேலை தாங்கவில்லை என்று, இன்னொரு ரூமும் நாலு பேரும் கேட்டு விண்ணப்பித்தாள். பதினான்காம் கேள்விக்கு, இந்தத் தடவை, 'குறைகிறது' என்று எழுதினாள்.

மறுநாளே கையெழுத்தாகி வந்தது.