லாண்டரி என்ற சொல்லும் இரண்டு வாளித் துணியும்

இன்று ஒரு கைக்குட்டையைக்கூடத் துவைப்பதில்லை என்று காற்புள்ளி சபதம் எடுத்தபோது ஞாயிற்றுக்கிழமை காலை மணி எட்டு. அகராதி போடும் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர் அவர். பேச ஆரம்பித்தால் முற்றுப்புள்ளியே வைக்கமாட்டார் என்பதால் கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் அது.

மனைவிக்கு வலது மணிக்கட்டில் சுளுக்கு. கட்டுப் போட்டிருந்தது. வாஷிங் மெஷினோ மூன்று நாளாக உறுமுவதோடு சரி. "நீ அசையாதே, நான் பார்த்துக்கறேன்" என்று வீராப்பாகச் சொன்னவர் அவர்தான். இப்போது குளியலறையில் இரண்டு வாளித் துணி ஊறிக்கொண்டிருந்தது.

தப்பிக்க வழி தானாக வந்தது. அன்று மாலை குடியிருப்புச் சங்கத்தில் அவர் பேச வேண்டும். அவர் வாயைத் திறந்தாலே ஆட்கள் நழுவுவதுதான் வழக்கம். முதல் தடவையாக ஒரு கூட்டம் தானே கூப்பிட்டிருந்தது. தலைப்பு, லாண்டரி என்ற சொல்லின் பூர்வீகம்.

"ஏம்மா, துணியை நாளைக்குப் பாக்கலாமா? பேச்சுக்கு ஒத்திகை பாக்கணும்."

அவள் மருந்துக்கடையில் வேலை செய்பவள். டாக்டர் கையெழுத்தையே ஒரே பார்வையில் படித்துவிடுகிறவளுக்குப் புருஷன் முகம் எம்மாத்திரம்?

"பேச்சுதாங்க முக்கியம். சொல்லுங்க, கேக்கறேன்" என்று குளியலறை வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். "இங்கேயே நின்னு பேசுங்க. குரல் கணீர்னு இருக்கு."

கேட்கிறேன் என்று ஒரு ஆள் சொன்னதே போதும். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"லத்தீன்ல லவாரேன்னா கழுவறது. அதுலேருந்து லவாண்டா, அதாவது துவைக்க வேண்டியவை. அது பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குப் போய், வாய்ல கசங்கிக் கசங்கி லாண்டரி ஆச்சு."

"துவைச்சதுக்குப் பேர் இல்லையா? துவைக்க வேண்டியதுக்கா?"

"ஆமா! அந்தக் கட்டாயம் சொல்லுக்குள்ளேயே இருக்கு."

"அடடா! ஆனா புரியற மாதிரி இருந்துட்டு நழுவுதுங்க. கையில எதையாவது எடுத்துக் காட்டினா பளிச்சுனு பதியும்."

நியாயம்தானே? வாளியிலிருந்து ஒரு சட்டையை எடுத்தார். "இது லவாண்டா."

"லவாரே எப்படி?"

சோப்புப் போட்டுத் தேய்த்துக் காட்டினார்.

"பிரெஞ்சுக்குப் போறப்ப?"

அலசிக் காட்டினார்.

"இங்கிலீஷ்ல கசங்கறப்ப?"

முறுக்கிப் பிழிந்தார்.

"பிரமாதம்! முதல்லேருந்து இன்னொரு தடவை. இப்ப போர்வையை வச்சு."

சொல்லை அலசினார், துணியை அலசினார். சொல்லைப் பிழிந்தார், துணியைப் பிழிந்தார். பதினெட்டாவது ஒத்திகையில் வாளி இரண்டும் காலி. பால்கனிக் கொடி நிறைந்துவிட்டது.

"லாண்டர்னு ஒரு சொல் இருந்தது" என்றார், மூச்சு வாங்க. "அந்தக் காலத்துல துவைக்கிற ஆளுக்கே அதுதான் பேர்."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"ரெண்டு பேரும்தான்."

"இதை மட்டும் சாயங்காலம் மறந்துடாதீங்க."

மறக்கவில்லை. பேச்சில் அந்த இடம் வந்ததும் பெண்கள் பக்கம் கைதட்டல் ஓயவே இல்லை. சங்கச் செயலாளரின் மனைவி தன் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். செயலாளர் தரையைப் பார்த்தார். மற்ற ஆண்கள் காற்புள்ளியைப் பார்த்த பார்வையில் அவரையே துவைத்துக் காயப்போடும் வேகம் இருந்தது. அவர் அதையெல்லாம் கவனிக்கவில்லை. போர்வை பிழிந்த தோள்வலி வார்த்தைக்கு வார்த்தை உயிர் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

வீட்டுக்கு வந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இருபது வருஷத்துல என் பேச்சை முழுசா கேட்டது நீ ஒருத்திதாம்மா. நீ இல்லேன்னா இந்தக் கைதட்டல் ஏது? நான் என்னடான்னா, ஒத்திகைன்னு சொல்லித் துணியைத் தட்டிக்கழிக்கப் பாத்தேன்."

"தெரியுங்க."

"தெரியுமா?"

"தெரிஞ்சுதான் முக்காலி போட்டேன். ஆனா கேட்டது நிஜமாத்தான். நல்லாத்தான் பேசறீங்க. கட்டுப் போட்ட கையோட வாளியைப் பாத்து நேத்தெல்லாம் மலைச்சுப் போயிருந்தேன். ரொம்ப உபகாரங்க."

காற்புள்ளிக்குப் பேச்சே வரவில்லை. அவர் வாழ்க்கையில் முதல் முற்றுப்புள்ளி.

"செயலாளர் சம்சாரம் போன் பண்ணாங்க. அடுத்த வாரமும் நீங்கதான் பேசணுமாம். தலைப்பையும் நானே குடுத்துட்டேன்."

"அப்படியா! என்ன சொல்லும்மா?"

"இஸ்திரி."